ஒரே வாளி

மாநிலம் முழுவதற்கும் அந்த ஒரே எண்தான். கப்பலிலும் லாரியிலும் மீன்தொட்டித் தண்ணீரிலும் ஏறி எங்கிருந்தோ வந்து, நம் ஏரியையும் தோட்டத்தையும் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி வளைத்துப்போடும் செடியோ பூச்சியோ நத்தையோ கண்ணில் பட்டால், யார் வேண்டுமானாலும் அந்த எண்ணுக்குச் சொல்லலாம். அதை எடுத்துப் பேசுகிறவளை வீட்டிலும் அலுவலகத்திலும் அலாரம் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சும்மா வந்த பெயர் இல்லை. தொலைபேசி மணி அடித்தால் மற்றவர்கள் கையை நீட்டுவார்கள். இவள் எழுந்தே நின்றுவிடுவாள். சக்கர நாற்காலி பின்னால் உருண்டுபோய் இரும்பு அலமாரியில் டங்கென்று இடிக்கும். வருடக்கணக்காக ஒரே இடத்தில் இடித்து இடித்து அலமாரிக்கு அங்கே ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. உட்கார்ந்து பேசினால் என்ன என்று கேட்டால், உட்கார்ந்தால் காது சரியாகக் கேட்காது என்பாள்.

வரும் அழைப்புகளில் முக்கால்வாசி வெறும் புரளிதான். கிணற்றில் முதலைக் குட்டி என்பார்கள், போய்ப் பார்த்தால் ரப்பர் பொம்மை. புதருக்குள் விசித்திரமான பாம்பு என்பார்கள், அது தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய். ஒரு முறை ஓர் அம்மா கூப்பிட்டு, "மாடியில என் நாத்தனார் குடும்பம் வந்து ஒட்டிக்கிச்சு, போகவே மாட்டேங்குது, இந்த நம்பர்ல சொல்லலாமா?" என்று கேட்டாள். அலாரம் கொஞ்சம்கூட சிரிக்காமல், "அது எங்க துறையில வராதுங்கம்மா. ஆனா வேர் விடறதுக்குள்ள பேசிடுங்க" என்றாள்.

ஆனால் மீதிக் கால்வாசி இருக்கிறதே, அதற்காகத்தான் அவள் உயிரைக் கொடுத்து உழைத்தாள். ஒரு லாரி டிரைவர் கூப்பிட்டு, தான் ஏற்றி வந்த மரப்பெட்டிகளில் ஊசி போட்ட மாதிரி ஓட்டைகள், அடியில் மஞ்சள் தூள் கொட்டிக் கிடக்கிறது என்று சொன்ன அன்று, அவள் லாரியை நிறுத்த வைத்து, ஆட்களை அனுப்பி, பெட்டிகளைப் பிளக்க வைத்து, உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன என்று செய்தி வந்ததும் அலுவலகத்தில் மேசை மேசையாகப் போய்க் கைகுலுக்கினாள். புழுவுக்காக ஒருத்திக்கு வாயெல்லாம் பல்லாவதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். அந்த மாவட்டத்துத் தோப்புகள் தப்பித்தன. டிரைவருக்கு இன்றும் அவள்தான் தங்கச்சி.

அலுவலகம் மூடியிருக்கும் நேரத்தில் கூப்பிடுகிறவர்களுக்காகக் குரலைப் பதிவு செய்தபோதும் இவளைத்தான் பேச வைத்தார்கள். "நீங்கள் பார்த்தது எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். தவறாக இருந்தாலும் பரவாயில்லை. தாமதம்தான் ஆகாது." இவ்வளவுதான் வாசகம். நின்றுகொண்டுதான் பதிவு செய்தாள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவளைக் கண்டுகொள்ளாத ஒரே ஆள் அவளுடைய அக்கா. "செடி போலீஸ் வந்துட்டா, தொட்டியெல்லாம் ஒளிச்சு வைங்க" என்று சிரிப்பாள். அக்கா பூக்கடைக்காரி. அதாவது, வாழ்நாளெல்லாம் யார் யாருடைய பூக்கடையிலோ நின்று முள் நறுக்கி, கொத்துக் கட்டி, ரிப்பன் சுற்றியவள். தனக்கென்று ஒரு கடை வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. கடைசியில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, முன்பு செருப்புக்கடையாக இருந்த இடம் கிடைத்தது. பச்சை வண்ணம் அடித்து, வாசலுக்கு உருட்டுக் கதவு போட்டு, ஒரு விடுமுறை நாள் காலையில் திறந்தாள்.

அலாரமும் அவள் வீட்டுக்காரரும் அவருடைய பார்சல் வேனிலேயே வந்து இறங்கினார்கள். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. அக்கா புதுச் சேலையில், வியர்த்து வழிந்துகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தில் தண்ணீர், தண்ணீரில் பச்சைப் பசேலென்று மிதக்கும் செடி. வாங்கியவர்களைக் கடைப் பலகைக்குக் கீழே நிற்க வைத்து ஒரு படம் எடுத்து, அதை உடனே கடையின் போன் குழுவில் போட்டுக்கொண்டிருந்தார் அக்காவின் வீட்டுக்காரர், மாமா.

"பாரு, நீ கொடுத்ததுதான். எவ்வளவு பெருகிடுச்சு பாரு. உன் கை ராசி" என்றாள் அக்கா, தங்கையின் கன்னத்தை ஈரக் கையால் கிள்ளி. அவள் இப்படிப் பாராட்டி அலாரம் கேட்டதே இல்லை. தலைகால் புரியவில்லை அவளுக்கு.

கொடுத்தது உண்மைதான். சென்ற ஆண்டு பொருட்காட்சியில் அவர்கள் அலுவலகம் ஒரு கடை போட்டிருந்தது. அங்கே இரண்டு தட்டுகள். ஒன்றில் குட்டிப் பெரணி, தண்ணீரில் மிதக்கும் சாதுவான செடி, தொட்டியில் வைக்க ஏற்றது. இன்னொன்றில், கண்ணாடி மூடிக்குள், முரட்டுப் பெரணி. சின்னதாக இருக்கும்போது இரண்டும் ஒரு தாய் பிள்ளைகள் மாதிரிதான் இருக்கும். ஆனால் முரடு ஒரு ஏரிக்குள் விழுந்தால், வாரத்துக்கு வாரம் இரட்டித்து, தண்ணீரைப் பாய் விரித்த மாதிரி மூடி, கீழே இருக்கும் மீனுக்கு மூச்சு முட்ட வைத்துவிடும். காட்சி முடிந்த மாலை, அலாரம் தட்டில் இருந்த நல்லதை ஒரு பையில் அள்ளி அக்காவிடம் கொடுத்தாள்.

இப்போது அதே செடி கையில் இருக்கிறது. அவள் ஆசையோடு விரலால் ஒரு சொட்டுத் தண்ணீரை இலைமேல் விட்டாள். சொட்டு உருண்டு ஓடியது. அதில் ஒன்றுமில்லை, இரண்டு செடியிலும் ஓடும். ஆனால் இலை கொஞ்சம் பெரிது. கொஞ்சம்தான். சாவிக்கொத்தில் எப்போதும் தொங்கும் குட்டி லென்சைக் கண்ணில் வைத்தாள். நல்ல பெரணியின் இலைமேல் இருக்கும் முடிகள் நுனியில் விரிந்து நிற்கும். இதில் நுனிகள் ஒன்றாகக் கூடியிருந்தன, முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டியைப் போல.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். அங்கே பெரிய பிளாஸ்டிக் தொட்டி. அதில் இடம் போதாமல் இலைகள் நடுவில் மடிந்து, நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. முரடுதான். லென்ஸ் கூடத் தேவையில்லை.

எப்படி என்று யோசிக்க நேரம் ஆகவில்லை. வாளி. காட்சி முடிந்த அன்று மழை வருகிற மாதிரி இருந்தது. ஒரு வாளி ஏற்கெனவே வண்டியில் ஏறிவிட்டது. ஒரு தண்ணீரில் நனைந்ததை இன்னொரு தண்ணீரில் காட்டாதே என்று படகுக்காரர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும் நாளெல்லாம் தொண்டை வற்றக் கத்திய இவளே, இரண்டு தட்டுச் செடியையும் ஒரே வாளியில் அலசினாள். முதலில் கெட்டது, பிறகு நல்லது. விரல் நகம் அளவு ஒரு துணுக்கு போதும். உலகத்தில் வேறு யார் செய்தாலும் மன்னிக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

"அக்கா, ஒரு நிமிஷம் பின்னாடி வா."

"வர்றவங்களுக்கு யாரு கிண்ணம் கொடுப்பா? இங்கயே சொல்லு."

"இங்க சொல்ல முடியாது."

அந்தக் குரலைக் கேட்டு அக்கா வந்தாள். மாமாவும் அலாரத்தின் வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்தார்கள். நறுக்கிய தண்டுகளும் ரிப்பன் உருளைகளும் கிடந்த அந்த அறையில் அலாரம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். செடி, துணுக்கு, வாளி. தப்பு தன்னுடையது என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். "இத்தனை வருஷமா அடுத்தவங்க கடையில முள்ளு குத்திக்கிட்டு நின்னேன். இன்னிக்குத்தான் எனக்குன்னு ஒரு நாள். அதை மட்டும் விட்டுடு. நாளைக்குச் சொல்லு."

"நாமளே வேன்ல போய் கிண்ணத்தையெல்லாம் வாங்கிட்டு வந்துடலாமே" என்றார் வீட்டுக்காரர். "ஆபீசுக்கு எதுக்கு? உன் வேலைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

உள்ளதைச் சொல்ல வேண்டும்: அலாரத்துக்கு அந்த யோசனை பிடித்துத்தான் இருந்தது. சத்தமில்லாமல் முடிந்துவிடும். அக்காவின் நாளும் நிற்கும், தன் நாற்காலியும் நிற்கும். வேன் சாவியைக்கூடக் கையில் வாங்கிவிட்டாள். போகிற போக்கில்தான் கேட்டாள். "யாராவது இதைத் தண்ணியில விடறேன்னு சொன்னாங்களா?"

அக்கா தரையைப் பார்த்தாள். "வயலின் வாத்தியார் கேட்டார். வீட்டுக் குளத்துல விட்டா மீனுக்கு நிழலா இருக்குமேன்னு. தாராளமா விடுங்கன்னேன். அவருக்கு மட்டும் ரெண்டு கிண்ணம் கொடுத்தேன்."

"எப்பப் போனார்?"

"கடை திறந்ததுமே வாங்கிட்டுப் போயிட்டார்."

வயலின் வாத்தியார் வீட்டுக் குளத்திலிருந்து ஒரு மடை கால்வாய்க்குப் போகும். கால்வாய் பெரிய ஏரிக்குப் போகும். ஊரே குடிப்பது அந்த ஏரித் தண்ணீரை. கிண்ணத்தை வேனில் வாங்கி வரலாம், கால்வாயை வேனில் வாங்கி வர முடியுமா? அதற்கு மிதவைத் தடுப்பு வேண்டும், வலை வேண்டும், ஆட்கள் வேண்டும். அலாரம் வேன் சாவியை வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு போனை எடுத்தாள்.

"நீ அந்த நம்பரைப் போட்டா, இனிமே இந்தக் கடைப் படி ஏறாதே" என்றாள் அக்கா.

அலாரம் போட்டாள். அந்த எண்ணுக்கு அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூப்பிடுகிறாள். விடுமுறை நாள் என்பதால் முதலில் பதிவுக் குரல் வந்தது. நீங்கள் பார்த்தது எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள் என்றது. தவறாக இருந்தாலும் பரவாயில்லை என்றது. இவ்வளவு கனிவாகவா பேசியிருக்கிறோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பேசுவது தான்தான் என்பது தெரிந்தும், யாரோ தன் தோளில் கை வைத்த மாதிரி இருந்தது.

அவசரத்துக்கென்று இருக்கும் பொத்தானை அழுத்தியதும் இணைப்பு ஈரச்சட்டைக்குப் போனது. ஈரச்சட்டை அவர்கள் அலுவலகத்தின் களப்பணி அதிகாரி. எந்த நீர்நிலையைப் பார்த்தாலும் இறங்கிவிடுவார், அதனால் அந்தப் பெயர்.

"நான்தான் பேசறேன் சார்."

"லீவு நாள்ல என்னம்மா?"

"ஒரு தகவல் சொல்லணும். முரட்டுப் பெரணி. கிண்ணம் கிண்ணமா ஊருக்குள்ள போயிருக்கு, ஒரு குளத்துலயும் விழுந்திருக்கலாம். எங்கிருந்து வந்துச்சுன்னும் தெரியும் சார். பொருட்காட்சியில நான் அலசின வாளியிலருந்து."

"வாளியைப் பத்தி அப்புறம் பேசலாம். குளத்துக்கு வழி சொல்லு."

அதற்குப் பிறகு அந்தக் காலைக்குக் கால் முளைத்துவிட்டது. மாமா எடுத்துப் போட்ட படங்கள் குழுவில் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு முகமும் ஒரு கிண்ணத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அலாரத்தின் வீட்டுக்காரருக்கு இந்த ஊரில் எந்த முகம் எந்தக் கதவைத் திறக்கும் என்பது அத்துபடி. படத்தைப் பார்ப்பதும் வேனைத் திருப்புவதுமாகக் கிளம்பினார். காலமெல்லாம் பொருளைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிய மனிதர், அன்று கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு வீடு வீடாக நின்றார். ஒருவர் கிண்ணத்தைத் தொலைக்காட்சிப் பெட்டிமேல் வைத்திருந்தார். ஒரு வீட்டில் பூனை பாதியைத் தின்றுவிட்டிருந்தது, பூனைக்கு ஒன்றும் ஆகாது என்று போனிலேயே சமாதானம் சொன்னாள் அலாரம். கிண்ணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் குழுவில் போட்ட செய்தியைப் பார்த்தவர்கள் தாங்களே கிண்ணத்தை ஏந்திக்கொண்டு கடைக்குத் திரும்பி வந்தார்கள். திறப்புக்கு வந்ததைவிடக் கூட்டம் அதிகம். அக்கா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, ஒவ்வொரு கிண்ணத்தையும் வாங்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு யாரையும் அனுப்ப மனம் வராமல் ஆளுக்கொரு கொத்துப் பூ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அலாரமோ குளத்தங்கரையில். மாமாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனாள். எந்தச் சிக்னலிலும் அவர் தேவைக்கு மேல் ஒரு நொடி நிற்கவில்லை. வாத்தியார் வீட்டு முன்னறையில் யாரோ ஒரு மாணவி ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஈரச்சட்டையின் ஆட்கள் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தார்கள். மடைக்கு முன்னால் மஞ்சள் மிதவைக் கயிறு இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. ஈரச்சட்டை இடுப்பளவு தண்ணீரில், பெயருக்கு ஏற்றபடி, வலையோடு நின்றார்.

"மீனுக்கு நல்லதுன்னு சொன்னாங்களே" என்றார் வாத்தியார் பரிதாபமாக.

"நாங்கதான் சார் தப்பாச் சொல்லிட்டோம். எந்தப் பக்கம் விட்டீங்க?"

அவர் கையைக் காட்டினார். காற்று அன்று மடைப் பக்கமாக அடித்தது. அலாரம் அதைப் பார்த்தாள், குளத்தைப் பார்க்கவில்லை. நேராக மடைக்கு ஓடி, சேறென்றும் பார்க்காமல் குப்புறப் படுத்து, மடை வாயை அடைத்திருந்த கம்பி வலையில் முகத்தை வைத்தாள். சருகு, நுரை, ஒரு சாக்லேட் காகிதம். காகிதத்துக்கு அடியில், வலையின் கண்ணில் ஒரு பாதி நுழைந்தும் நுழையாமலும், இரண்டே இலை. தண்ணீர் அதை இழுத்துக்கொண்டிருந்தது. அவள் விரலை விட்டு அதைக் கிள்ளி எடுத்த வேகத்தில் நகம் பிய்ந்தது.

"சார், கிடைச்சிடுச்சு! மடையிலயே இருக்கு!"

உள்ளே வயலின் நின்றுவிட்டது. ஈரச்சட்டை நீந்தாத குறையாக வந்து, அவள் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். சேற்றில் கிடந்தபடியே அலாரமும் சிரித்தாள். கொஞ்ச நேரம் அக்காவைக்கூட மறந்துவிட்டாள், அப்படி ஒரு சந்தோஷம். பிறகு குளத்தை வலை போட்டு அரித்து, மிதந்துகொண்டிருந்த மற்றதையெல்லாம் அள்ளினார்கள். கால்வாய்க் கரையோரம் ஏரிவரை நடந்து பார்த்தார்கள். வேறு எங்கும் எதுவும் இல்லை. அடுத்து வந்த வாரங்களிலும் போய்ப் போய்ப் பார்த்தார்கள், இல்லை.

அலுவலகத்தில் விசாரணை நடந்தது. பொருட்காட்சிப் பக்கம் அலாரம் இனித் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று உத்தரவு. சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று என்று இரண்டு வாளிகள் வாங்கிச் சங்கிலி போட்டுத் தட்டுகளோடு கட்டினார்கள். தொலைபேசியையும் அவளிடமிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தபோது ஈரச்சட்டை ஒரே வார்த்தைதான் சொன்னார்: தகவல் சொன்னவளைத் தண்டித்தால் நாளைக்கு எவன் கூப்பிடுவான்? அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

அக்கா மட்டும் அடங்கவில்லை. போன் எடுப்பதில்லை. வேலை முடிந்து பேருந்துக்கு நிற்கும்போது அலாரம் எதிரே பச்சைக் கடையைப் பார்ப்பாள், அக்கா கொத்துக் கட்டிக்கொண்டிருப்பாள், நிமிர மாட்டாள். கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. செடியைத் திருப்பி வாங்கிக்கொண்டு பூக் கொடுத்த கடை என்று பெயர் பரவியிருந்தது. அதைச் சொல்லி மாமா சமாதானம் செய்து பார்த்தார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அலாரத்துக்கு மணி அடித்தாலும் முன்போல் துள்ளல் இல்லை. எழுந்து நின்றாள்தான், ஆனால் நாற்காலி அலமாரிவரை போகவில்லை.

இதற்கிடையே ஒரு தொல்லை. காலையில் வந்து பதிவுக் கருவியைத் திறந்தால், சில நாட்களில் யாரும் பேசாத ஓர் அழைப்பு இருக்கும். மூச்சுச் சத்தம், ஏதோ இரும்பு உருளும் சத்தம், அவ்வளவுதான். "வேலையத்தவங்க யாரோ விளையாடறாங்க சார்" என்று ஈரச்சட்டையிடம் அலுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் மத்தியானம் மணி அடித்தது. எழுந்து எடுத்தாள்.

"வெளியூர்லருந்து ஒரு பூப்பெட்டி வந்துச்சு" என்றது குரல். மூச்சு வாங்கியது. "பெட்டிக்கு அடியில நத்தை ஒண்ணு. கட்டை விரல் அளவு. ஓட்டுல பழுப்புக் கோடு. நான் இது மாதிரி பார்த்ததே இல்ல. டப்பாவுல போட்டு மூடி வெச்சிருக்கேன். பெட்டியை வெளிய எடுக்கல, தண்ணிய எங்கயும் கொட்டல. தவறா இருந்தாலும் பரவாயில்லைதானே?"

அலாரம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"லைன்ல இருக்கியா? சாயங்காலம் கடையை மூடும்போதெல்லாம் கூப்பிட்டேன். மிஷின்ல உன் குரல்தான் வந்துச்சு. எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்னு அவ்வளவு நல்லாச் சொல்றே. என்னத்தைச் சொல்றதுன்னு தெரியாம கதவை இழுத்து விட்டுட்டு வெச்சிடுவேன். இன்னிக்குத்தான் சொல்ல ஒண்ணு கிடைச்சுது. சீக்கிரம் ஆளை அனுப்பு. இல்ல, நீயே வா. இது டப்பா மூடியை நக்கிக்கிட்டே மேல ஏறுது."

"அக்கா" என்றாள் அலாரம். "நீ இப்ப நின்னுக்கிட்டுப் பேசறியா?"

"ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?"

டங்கென்று அலமாரி அதிர்ந்தது. அலுவலகமே திரும்பிப் பார்த்தபோது, காலி நாற்காலிதான் சுற்றிக்கொண்டிருந்தது.